கத்தியில் ஓடும் அலை: டமாஸ்கஸ் ஸ்டீல் என்றால் உண்மையில் என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை நீக்கி, கொஞ்சம் சீர்செய்து தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டு சமையலறையில் ஆரம்பிக்குது.

போன தீபாவளிக்கு ஈரோட்டுக்குப் போகும்போது அம்மாவுக்கு ஒரு கத்தி வாங்கிட்டுப் போனேன். ஆன்லைனில் வாங்கியது. காந்த மூடி போட்ட பெட்டி, உள்ளே கறுப்பு ஸ்பாஞ்ச், அதன் நடுவில் கத்தி. தகடு முழுக்க தண்ணீர் அலை மாதிரி கோடுகள். ‘67 லேயர் டமாஸ்கஸ் ஸ்டீல்’ என்று பெட்டியில் தங்க நிறத்தில் எழுதியிருந்தது. விலை நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. அம்மாகிட்ட ஆயிரத்து ஐந்நூறுன்னு சொன்னேன். அதுக்கே, “ஒரு கத்திக்கு எதுக்குக் கண்ணு இத்தனை காசு?”ன்னாங்க.

பொங்கலுக்குப் போனேன். கத்தியைக் காணோம். அம்மா வழக்கம்போல அரிவாள்மனையில் உட்கார்ந்து பூசணிக்காய் அரிஞ்சிட்டு இருந்தாங்க. எங்கேன்னு கேட்டா, “பத்திரமா வெச்சிருக்கேன்”ன்னு ஒரே பதில். நானே தேடினேன். பரண் தட்டில், நியூஸ்பேப்பரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு இருந்தது. பிரிச்சுப் பார்த்தா ஒரு பக்கம் அலையே இல்லை. திட்டுத்திட்டா அழிஞ்சு, வெறும் வெள்ளைத் தகடு தெரியுது.

“கம்பி நார் போட்டுத் தேய்ச்சுட்டேன் கண்ணு. நாந்தான் கெடுத்துட்டேன். நீ ஆசையா வாங்கிட்டு வந்தது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

ரெண்டு மாசமா இதை மனசுக்குள்ள வெச்சிருந்திருக்காங்க. எனக்கு வந்த முதல் கேள்வி எஞ்சினியர் கேள்விதான்: 67 லேயர் ஸ்டீல் கம்பி நாரில் எப்படி அழியும்? அந்தக் கேள்வியின் பின்னாடி மூணு மாசம் போனேன். கண்டுபிடிச்சதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

ஒரே பெயர், மூன்று பொருள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். ‘டமாஸ்கஸ்’ என்ற பெயரில் இன்னைக்கு மூன்று வெவ்வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே சம்பந்தமே இருக்காது.

முதல் வகை, பேட்டர்ன் வெல்டிங். இதை நேரில் பார்த்தேன். என் நண்பர் ஒருவர் ஓசூர் பக்கம் ஒரு தகர ஷெட்டில் வார இறுதியில் கத்தி அடிக்கிறார். ஏழு ஸ்டீல் தகடுகளை எடுத்தார். நாலு தகடு 1095 என்ற ரகம், கிட்டத்தட்ட 1 சதவீதம் கார்பன் உள்ளது. மூணு தகடு 15என்20 என்ற ரகம், சுமார் 2 சதவீதம் நிக்கல் கலந்தது. மரம் அறுக்கும் பேண்ட்-சா பிளேடுக்குப் பயன்படும் ஸ்டீல். இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஓரத்தில் வெல்டு வைத்து, பிடிக்க ஒரு கம்பியை ஒட்டி, கேஸ் உலைக்குள் விட்டார்.

சிவந்ததும் வெளியே எடுத்து அதன் மேல் போராக்ஸ் தூவினார். நம்ம ஊர் வெங்காரம்தான். அது உருகிக் கண்ணாடி மாதிரி ஓடி, இரும்பின் மேல் படியும் ஆக்சைடைக் கரைத்துவிடும், காற்றும் உள்ளே போகாமல் தடுக்கும். திரும்ப உலைக்குள். இந்த முறை மஞ்சள் நிறம் வரும் வரை. அந்தச் சூட்டில் தகட்டின் மேற்பரப்பு ஈரமா இருக்கற மாதிரி தெரியுது. வெளியே எடுத்து முதல் நாலைந்து அடி ரொம்ப மெதுவா அடிச்சார். ஓங்கி அடிச்சா தகடுகள் வழுக்கி விலகிடுமாம். நடுவில் பசை இல்லை, ஸ்டீல் உருகவும் இல்லை. சுத்தமான இரண்டு உலோகப் பரப்புகளை அந்தச் சூட்டில் அழுத்தினால் அணுக்கள் ஒன்றோடு ஒன்று பிணைந்துவிடும். ஏழு தகடு ஒரே கட்டியாகிவிட்டது.

அப்புறம் அதை நீட்டி, நடுவில் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மறுபடி வெல்டு. 7, 14, 28, 56, 112, 224. அஞ்சே தடவையில் 224 லேயர். நம்ம ஆளுங்களுக்கு இது புதுசில்லை, இரண்டின் அடுக்குதான். இதை வைத்தே ஒரு விளம்பரப் பொய்யையும் பிடிக்கலாம். ‘லட்சக்கணக்கான லேயர்’, ‘கோடி லேயர்’ என்றெல்லாம் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. ஒரு தகட்டை 25 தடவை மடிச்சா கணக்குப்படி மூணு கோடியே முப்பத்தஞ்சு லட்சம் லேயர் வரும். கத்தியின் தடிமன் 2 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்க, ஒரு லேயரின் தடிமன் ஒரு இரும்பு அணுவை விடச் சின்னதா வரும். பேப்பரில் வரும் எண், இரும்பில் வராது.

சரி, லேயர் வந்தாச்சு. அலை எப்படி வருது? லேயர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தின் தாள்கள் மாதிரி. நேராக அடுக்கி மேலேயிருந்து பார்த்தால் முதல் தாள் மட்டும்தான் தெரியும். தாள்களைக் குறுக்கே எங்கேயாவது வெட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும். அதனால் கட்டியில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம் அறுத்து, மறுபடி தட்டையா அடிப்பாங்க. ஏணிப்படி மாதிரி கோடு வரும். சின்னச் சின்னக் குழி போட்டு அடிச்சா மழைத்துளி மாதிரி வட்டம் வரும். கட்டியை முறுக்கி அடிச்சா நட்சத்திரம் மாதிரி வரும். பள்ளியில் புவியியல் மேப்பில் மலைக்குச் சமஉயரக் கோடு போட்டிருப்பாங்களே, அதே தத்துவம்தான்.

இவ்வளவும் செய்த பிறகு கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் ஒண்ணுமே தெரியாது. ரெண்டு ஸ்டீலும் ஒரே வெள்ளை. கடைசியாகத்தான் அந்த வேலை: ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்குவது. இ.சி.இ. படிச்சவங்களுக்கு உடனே ஞாபகம் வந்திருக்கும். பிசிபி போர்டில் தேவையில்லாத செம்பை அரிக்க லேப்பில் பயன்படுத்துவோமே, சட்டையில் பட்டா கறை போகாதே, அதே பழுப்புத் தண்ணி. அது கார்பன் ஸ்டீலை அரித்துக் கறுப்பாக்கும். நிக்கல் உள்ள ஸ்டீலை அவ்வளவாகத் தொடாது. கறுப்பும் வெள்ளையுமாக அலை மேலே வரும். முதல் தடவை பார்க்கும்போது, போட்டோ கழுவும் இருட்டறையில் படம் தெரிய வர்ற மாதிரி இருந்தது எனக்கு.

பென்சிலும் கத்தியும்

இரண்டாவது வகைதான் நல்ல சமையலறைக் கத்திகளில் நீங்க அதிகம் பார்ப்பது. இதைப் புரிஞ்சுக்க ஒரு பென்சிலை நினைச்சுக்குங்க. நடுவில் எழுதும் கரி. சுற்றிலும் மரம், மரத்தின் மேல் அழகா பெயிண்ட். எழுதுவது கரி மட்டும்தான்.

இந்தக் கத்திகளும் அப்படித்தான். நடுவில் ஒரு கடினமான ஸ்டீல், அதுதான் கோர். இரண்டு பக்கமும் மென்மையான ஸ்டெயின்லெஸ் லேயர்கள் போர்த்தியிருக்கும். 67 லேயர் என்றால், இந்தப் பக்கம் 33, அந்தப் பக்கம் 33, நடுவில் கோர் ஒன்று. கத்தியின் வாய்ப்பகுதியைச் சாய்வாகத் தேய்க்கும்போது வெளி லேயர்கள் எல்லாம் விலகி, கோர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நல்ல கத்தியை உற்றுப் பார்த்தால், விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் வரை அலையே இருக்காது. வெட்டுவது அந்த வெற்றுப் பட்டை.

இதன் ஊர் ஜப்பான். ஃபுகுயி மாகாணத்தில் எச்சிஸென் என்று ஒரு நகரம் இருக்கு. சுமார் 700 வருஷமா அரிவாளும் கத்தியும் அடிக்கும் ஊர். 1979இல் அந்த ஊர்க் கத்தித் தொழிலை ஜப்பான் அரசு மரபுக் கைத்தொழிலாக அங்கீகரித்தது. அங்கேதான் தகெஃபு ஸ்பெஷல் ஸ்டீல் என்ற நிறுவனமும் இருக்கு. கத்திப் பிரியர்கள் வாயில் அடிக்கடி வரும் ‘விஜி-10’ ஸ்டீல் அவங்க தயாரிப்பு. சுமார் 1 சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம், கூடவே கொஞ்சம் கோபால்ட், மாலிப்டினம், வனேடியம். துருப்பிடிக்காது, கூர்மையும் நிற்கும்.

கோரும் அலை லேயர்களும் ஏற்கெனவே சேர்ந்த தகடாகவே ஸ்டீல் ஆலையில் தயாராகும். பெரும்பாலான கத்திக்காரர்கள் அதை வாங்கித்தான் வேலை செய்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமா இருந்தது. அப்போ கத்திக்காரர் என்னதான் பண்றார்? நிறைய. தகட்டை வடிவுக்குக் கொண்டுவருவது, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது, பிறகு மிதமான சூட்டில் வைத்து நொறுங்கும் குணத்தைக் குறைப்பது, கடைசியா மணிக்கணக்கில் கல்லில் தேய்த்து மெலியவைப்பது. நாமளும் ஆப் எழுதும்போது லைப்ரரியை எல்லாம் நாமே எழுதறதில்லையே. வாங்கிய பொருளை வைத்து என்ன செய்தோம் என்பதில்தான் தொழில் இருக்கு.

இந்த அலைக்கு ஜப்பானில் சுமிநகாஷி என்றும் ஒரு பெயர் உண்டு. தண்ணீரில் மையை மிதக்கவிட்டு, மேலே தாளை வைத்து, அந்தச் சுழலைத் தாளில் எடுக்கும் பழைய கலையின் பெயர் அது.

மூன்றாவது வகை? சாதாரண ஸ்டீல் கத்தி. அதன் மேல் லேசரில் அல்லது அமிலத்தில் அச்சடித்த அலைப்படம். லேயரும் கிடையாது, கோரும் கிடையாது. கத்திக்கு ஒரு ஸ்டிக்கர் என்று வெச்சுக்குங்க.

அலை வெட்டுமா?

பதில் ஒரே வார்த்தை: வெட்டாது.

கடினமான லேயரும் மென்மையான லேயரும் விளிம்பில் மாறி மாறி வந்து, கண்ணுக்குத் தெரியாத ரம்பம் மாதிரி வெட்டும் என்று ஒரு விளக்கம் சுத்துது. இரண்டு காரணத்தால் இது பொருந்தாது. போர்த்திய கத்தியில் விளிம்புக்கு அந்த லேயர்கள் வருவதே இல்லை. பேட்டர்ன் வெல்டிங் கத்தியில் லேயர்கள் விளிம்பு வரைக்கும் வரும், உண்மைதான். ஆனா கார்பன் ரொம்பச் சின்ன அணு. அந்த மஞ்சள் சூட்டில் அது ஒரு லேயரிலிருந்து இன்னொரு லேயருக்குச் சுலபமா நடந்து போய் எல்லா இடத்திலும் சமமாப் பரவிடும். நிக்கல் அப்படி நகராது. அதனால் நிறம் மட்டும் வேறுபட்டு நிற்கும், கடினத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

அப்போ ஒரு கத்தி நல்லா வெட்டுவதற்கு எது காரணம்? மூன்று விஷயம்.

ஒன்று, கோர் ஸ்டீலும் அதைச் சூடாக்கிக் குளிரவைத்த விதமும். கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வாங்க. வழக்கமான ஜெர்மன் சமையல் கத்திகள் 56லிருந்து 58 வரை இருக்கும். விஜி-10 கத்திகள் 60ஐத் தொடும் அல்லது தாண்டும். கடினம் கூடினால் மெல்லிய விளிம்பு மடங்காமல் நிற்கும். ஆனா நொறுங்கும் வாய்ப்பும் கூடும்.

இரண்டு, மெலிவு. கேரட்டை வெட்டும்போது ‘டக்’ என்று பிளந்து விழுந்தால், உங்க கத்தி வெட்டவில்லை, ஆப்பு மாதிரி பிளக்குது. விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும் அதுக்குப் பின்னால் தகடு தடியாக இருந்தால் இப்படித்தான்.

மூன்று, தீட்டல். ஐந்நூறு ரூபாய்க் கத்தியை ஒழுங்காத் தீட்டி வெச்சா, தீட்டாத பத்தாயிரம் ரூபாய்க் கத்தியை அது ஜெயிக்கும். வெங்காயத்தில் சோதிச்சுப் பாருங்க. மொண்ணைக் கத்தி செல்களை நசுக்கும், கண்ணை எரிக்கும் வாயு நிறைய வெளியே வரும். கூர்மையான கத்தியில் நசுங்குவது குறைவு, அழுகையும் குறைவு.

பெயருக்குச் சொந்தமான ஸ்டீல்

இந்த மூணு வகையில் எதுவுமே அசல் டமாஸ்கஸ் கிடையாது. இங்கேதான் கதை நம்ம ஊர்ப் பக்கம் திரும்புது.

வரலாற்றில் டமாஸ்கஸ் வாள் என்று பெயர் எடுத்தவற்றில் அடுக்கு, மடிப்பு எதுவும் கிடையாது. ஒரே கட்டி ஸ்டீலை அடிச்சு நீட்டினால், அலை தானாக உள்ளேயிருந்து வரும். அந்தக் கட்டி போனது தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும். ஐரோப்பியர்கள் அதை ‘ஊட்ஸ்’ என்று எழுதினாங்க. கன்னடத்திலும் தெலுங்கிலும் உக்கு, தமிழில் உருக்கு. அந்தச் சொல்லிலிருந்து வந்த பெயராக இருக்கலாம் என்பது பரவலான கருத்து. தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்கள் வந்து இந்தக் கட்டிகளை வாங்கிப் போயிருக்காங்க. வாள் அங்கே அடிக்கப்பட்டது. பெயர் டமாஸ்கஸுக்குப் போனது. ஸ்டீல் இங்கிருந்து போனது.

செய்த விதம் இப்படி: இரும்புத் துண்டுகளை ஒரு சின்ன மண் குடுவையில் போடுவாங்க. 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் கூடவே ஆவாரம் மரத்துண்டும் எருக்கிலையும் போட்டதாக வருது. அதுதான் கார்பன். உமி கலந்த களிமண்ணால் வாயை அடைத்து, கரி உலையில் வைத்து, துருத்தியால் மணிக்கணக்கில் ஊதுவாங்க. கார்பன் இரும்புக்குள் ஏற ஏற, இரும்பு உருகும் வெப்பநிலை குறையும். முழுசா உருகி, மெதுவாகக் குளிர்ந்து, சின்ன அப்பம் மாதிரி ஒரு கட்டி கிடைக்கும். அதில் சுமார் 1.5 சதவீதம் கார்பன் இருக்கும். உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரில் கிடைத்த குடுவைத் துண்டுகளை ஆராய்ந்து, அங்கே உயர்கார்பன் ஸ்டீல் தயாரித்ததற்கான தடயத்தைக் காட்டினார்.

எங்க மாவட்டத்திலேயே, நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கு. இரும்பு உருக்கிய உலைகளின் தடயமும், கல்மணி செய்த பட்டறைகளின் தடயமும் கிடைத்த ஊர். சென்னிமலைப் பக்கம் எத்தனையோ தடவை போயிருக்கேன், அந்த ஊரில் ஒரு தடவைகூட இறங்கினதில்லை. நாலாயிரம் ரூபாய் கொடுத்துப் பெட்டியில் ‘டமாஸ்கஸ்’ வாங்கிட்டு வந்த ஆள் நான்.

லண்டனில் மைக்கேல் ஃபாரடே, ஆமா மின்காந்தவியல் ஃபாரடேதான், 1819இல் இந்த ஊட்ஸை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரரோடு சேர்ந்து அதே மாதிரி ஸ்டீல் செய்யவும் முயன்றார். அலையின் காரணம் அப்போது பிடிபடவில்லை. 1998இல்தான் அமெரிக்காவில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியல் பேராசிரியரும், ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கத்திக் கொல்லரும் சேர்ந்து ஒரு விளக்கம் கொடுத்தாங்க. தாதுவில் இருக்கும் ரொம்பக் கொஞ்சம் வனேடியம், பத்து லட்சத்தில் நாற்பது பங்கு இருந்தாக்கூடப் போதும், கார்பைடு துகள்களை வரிசையாகத் திரளவைக்குது. அந்த வரிசைதான் அலை. ஸ்டீலை மிதமான சூட்டில் பல தடவை அடிக்கும்போதுதான் அது உருவாகும். சூடு எல்லை மீறினால் துகள்கள் கரைந்து அலை காணாமல் போயிடும்.

கலை ஏன் அழிந்தது என்பதற்கும் அவங்க சொன்ன காரணம் இதோடு சேர்ந்தது: சரியான தாது கிடைத்த சுரங்கங்கள் தீர்ந்திருக்கலாம். யோசிச்சுப் பாருங்க. கொல்லர் தாத்தா சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்யறார். அதே குடுவை, அதே இலை, அதே சூடு. ஒருநாள் அலை வரல. எது மாறிப்போச்சுன்னு கண்டுபிடிக்க அவர்கிட்ட வழியே இல்லை. கோடில் ஒரு வரிகூட மாறலை, கீழே ஒரு டிபென்டன்சி மாறிடுச்சு, ப்ரொடக்‌ஷனில் எல்லாம் உடையுது. அந்த இரவு எப்படி இருக்கும்னு நம்ம துறையில் எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு வாழ்நாள் முழுக்க அதைப் பார்த்திருக்கலாம், தன் கைதான் தப்புன்னு நினைச்சிருக்கலாம்.

அப்போ பேட்டர்ன் வெல்டிங்குக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? அடுக்கி அடிக்கும் முறையும் பழசுதான், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக்கு முன்பே உண்டு. 1973இல் பில் மோரன் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் அந்த முறையில் செய்த கத்திகளை ஒரு கண்காட்சியில் டமாஸ்கஸ் என்ற பெயரில் வைத்தார். அதன் பிறகு உலகம் முழுக்கப் பட்டறைகளில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஏன் பிடிக்குது?

இவ்வளவு தெரிஞ்ச பிறகும் ஒரு நல்ல டமாஸ்கஸ் கத்தியைக் கையில் எடுத்தால் எனக்கு ஆசை வருது. ஏன்னு யோசிச்சேன்.

நம்ம வீட்டில் இருக்கும் பெரும்பாலான பொருட்களைப் பார்த்தால், அது எப்படி உருவாச்சு என்று தெரியாது. போனும் அப்படித்தான், பிளாஸ்டிக் டப்பாவும் அப்படித்தான். பேட்டர்ன் வெல்டிங் கத்தியில் ஒவ்வொரு கோடும் ஒரு அடி எங்கே விழுந்தது, ஒரு பள்ளம் எங்கே அறுக்கப்பட்டது என்பதன் பதிவு. இரண்டு கத்தியில் ஒரே அலை வராது. தினமும் கையில் எடுக்கும் ஒரு பொருளில் அது இருப்பது சந்தோஷம்தான். அழகுக்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை. பட்டுப்புடவையின் ஜரிகை குளிரைத் தாங்கவா போடறாங்க? ஆனா ஜரிகைன்னு சொல்லி கலர் பிளாஸ்டிக்கைக் கொடுத்தா கோபம் வரும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில், கோர் ஸ்டீலின் பெயரைக் கேளுங்க. விஜி-10, ஏயூஎஸ்-10 மாதிரி ஒரு பெயர் இருக்கணும். ‘டமாஸ்கஸ் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதி, கோர் பற்றிப் பேச்சே இல்லை என்றால் நகர்ந்துடுங்க.

இரண்டாவது, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்க. அச்சடித்த கத்தியில் ஒரே டிசைன் அச்சு அசலா திரும்பத் திரும்ப வரும். கடையில் இரண்டு கத்தியை அருகருகே வைத்தால் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

மூன்றாவது, விளிம்பைப் பாருங்க. போர்த்திய கத்தியில் அலை ஓரிடத்தில் நின்று, வளைந்து நெளிந்த ஒரு எல்லைக்கோட்டுக்கு அப்பால் கோர் தெரியும். வெட்டும் நுனி வரைக்கும் ஒரே அலைப்படம் ஓடினால், அது முழு பேட்டர்ன் வெல்டிங்காக இருக்கணும், இல்லாட்டி அச்சாக இருக்கணும். மலிவு விலையில் எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

வாங்கின பிறகு: இந்தக் கத்திகள் மெலிசு, கடினம். தேங்காய், எலும்பு, ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறி, இதுக்கெல்லாம் அரிவாளை எடுங்க. பூசணியில் மாட்டிக்கிட்டா முறுக்காதீங்க, விளிம்பு சில்லு சில்லாத் தெறிக்கும். கிரானைட் மேடை மேலும் எவர்சில்வர் தட்டு மேலும் வெட்டாதீங்க, மரப்பலகை நல்லது. கழுவி உடனே துடைச்சிடுங்க. தெருவில் வரும் சாணைக்காரரிடம் இந்த ரகத்தைக் கொடுக்காதீங்க. அவர் கைத்திறன் காரணமில்லை, தண்ணீர் இல்லாத சக்கரத்தின் சூடு மெல்லிய விளிம்பின் கடினத்தைப் போக்கிடும். தண்ணீர் போட்டுத் தேய்க்கும் 1000 கிரிட் கல் ஒண்ணு போதும். பழக ஒரு மாசம் ஆகும்.

கடைசி சோதனை

அம்மாவின் கத்திக்கு வருவோம். அதை ஓசூர் நண்பரின் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் அடித்ததில் மிச்சமான ஒரு துண்டையும் எடுத்துக்கிட்டோம், ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டையும் 400 கிரிட் உப்புத்தாளால் தேய்த்தோம். இரண்டிலும் அலை அழிந்தது. இரண்டும் வெள்ளை. பிறகு கையுறை போட்டு, தண்ணீர் கலந்த ஃபெரிக் குளோரைடில் இரண்டையும் சில நிமிஷம் முக்கினோம். இதை வீட்டுச் சமையலறையில் பண்ணாதீங்க, மிச்சத்தை சிங்க்கில் ஊத்தவும் ஊத்தாதீங்க.

வெளியே எடுத்துக் கழுவினோம். அவருடைய துண்டில் அலை திரும்ப வந்திருந்தது, கோடு கோடா. அம்மாவின் கத்தி ஒரே சாம்பல் நிறம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒண்ணுமே இல்லை. அசல் அலை ஸ்டீலுக்குள் இருக்கும், மேலே எவ்வளவு தேய்ச்சாலும் அமிலத்தில் மறுபடி வரும். இதில் முதலிலிருந்தே எதுவும் இல்லை.

அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். “நீங்க எதையும் கெடுக்கலம்மா. இது வெறும் பெயிண்ட் மாதிரி. என்னைத்தான் ஏமாத்திட்டாங்க.” கொஞ்ச நேரம் பார்த்துட்டு, “அப்ப நாந்தேச்சதால இல்லியா?”ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. இல்லம்மான்னு ரெண்டு தடவை சொன்னேன். அப்புறம், “ஏங்கண்ணு, ஆயிரத்து ஐந்நூறும் போச்சா?”ன்னாங்க. உண்மை விலையை நான் இன்னும் சொல்லல. அவங்க பாட்காஸ்ட் கேட்க மாட்டாங்க, நீங்களும் சொல்லிடாதீங்க.

அந்தக் கத்தியை நண்பர் நல்லா மெலியத் தேய்ச்சு, கல்லில் தீட்டிக் கொடுத்தார். ஸ்டீல் சுமார்தான். ஆனா இப்ப தக்காளியைத் தொட்டா இறங்குது. அலை எதுவும் இல்லாத சாம்பல் கத்தியா ஈரோட்டு வீட்டில், பரணில் இல்லாமல் அடுப்பு மேடையில் இருக்கு. பூசணிக்காய்க்கு மட்டும் அம்மா இன்னும் அரிவாள்மனைதான்.

உங்க வீட்டு ‘டமாஸ்கஸ்’ கத்தியின் விளிம்பை இன்னைக்கு ஒரு தடவை வெளிச்சத்தில் பிடிச்சுப் பாருங்க. என்ன தெரிஞ்சதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.